தேய்ப்பவர் ஒருவர், செலவு ஊருக்கா?

சாலை பழுதானால் முதல் அடி கடைக்காரருக்குத்தான். சரக்கு வரத் தாமதமாகும், முட்டை உடையும், லாரி வாடகை கூடும். இத்தனையும் போதாதென்று, சாலையைச் செப்பனிடும் செலவும் வரியாக நம் தலையில் வந்து விழும். கனரக லாரிகள் பெயர்த்த சாலைக்கு ஊரார் எல்லோரும் பணம் கட்டுவது முறைதானா?

இக்கேள்விக்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் கண்ட விடையை நம் வணிகர்கள் அறிந்திருப்பது நல்லது. அம்மாநிலத்தின் வடபகுதி பிளாக் செர்ரி மரத்துக்குப் பேர்போனது. மரம் ஏற்றிய லாரிகள் 36 டன் வரை எடையுடன் சிற்றூர்ச் சாலைகளில் ஓடுகின்றன. பனி உருகி மண் இளகும் நாட்களில் சாலை சீக்கிரமே பெயர்ந்துவிடும். சாலைப் பராமரிப்புக்கு உள்ளாட்சிகள் நம்பியிருப்பது சொத்து வரியையும், மாநிலம் பகிர்ந்தளிக்கும் எரிபொருள் வரியையும்தான்.

எடை கூடினால் சேதம் எவ்வளவு கூடும்? 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தில் தனிச் சாலைகள் அமைத்து, லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் மேல் பாரம் இரு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது என்பது அதன் முடிவு. அதாவது 2 டன் பாரமுள்ள மளிகை வேனின் அச்சைவிட, 8 டன் பாரமுள்ள லாரியின் அச்சு சுமார் 256 மடங்கு சேதம் செய்கிறது!

எனவே பென்சில்வேனியாவில் உள்ளாட்சி அமைப்பு சாலையை ஆய்வு செய்து, உதாரணமாக 10 டன் என எடை வரம்பு விதித்துப் பலகை நடலாம். அதற்கு மேல் ஏற்றிச் செல்ல விரும்புவோர், கூடுதல் சேதத்தைத் தாமே சரிசெய்வதாக ஒப்பந்தம் எழுதி, ஈட்டுத்தொகையும் கட்ட வேண்டும். விதியில் கண்ட தொகை மண் சாலைக்கு மைலுக்கு 6,000 டாலர். தார்ச் சாலைக்கு 12,500 டாலர். லாரி ஓடுமுன் சாலையின் நிலை பதிவு செய்யப்படுகிறது. பிறகு தகராறுக்கு இடமில்லை.

நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அச்சாலையிலுள்ள வீடு, பண்ணை, கடைகளுக்கு வந்து போகும் வண்டிகள் உள்ளூர்ப் போக்குவரத்தாகக் கருதப்பட்டு விலக்குப் பெறுகின்றன. கடைக்கு மூட்டை இறக்கும் லாரி ஈட்டுத்தொகை கட்ட வேண்டியதில்லை.

குறையும் உண்டு. ஒரு மைல் தார்ச் சாலையை முழுதாகப் புதுப்பிக்க ஈட்டுத்தொகையைப் போலப் பல மடங்கு செலவாகும். ஒரே சாலையில் பலர் ஓட்டினால் பங்கு பிரிப்பதிலும் சிக்கல் வரும்.

மர வியாபாரமும் வணிகமே. லாரித் தொழிலும் வாழ வேண்டும். அவற்றைத் தடுக்கச் சொல்லவில்லை. சாலைத் தேய்மானத்தையும் அவர்கள் தம் தொழில் செலவில் சேர்க்கட்டும் என்கிறோம். கடையில் தராசு தேய்ந்தால் பக்கத்துக் கடைக்காரரிடமா பணம் கேட்கிறோம்? சொத்து வரியும் தொழில் வரியும் தவறாமல் கட்டும் நாம், நம் ஊர்ச் சாலையைப் பற்றிப் பேச்சு வரும்போது இந்தக் கணக்கை எடுத்துச் சொல்ல வேண்டும்.