சீஸை அடகு வைக்கும் இத்தாலி விவசாயிகள்!

நகையை அடகு வைத்து விவசாயம் பார்ப்பது நமக்குப் பழகிய விஷயம். இத்தாலியில் பாலாடைக்கட்டியை, அதாவது சீஸை அடகு வைத்துக் கடன் வாங்குகிறார்கள். கிரெடித்தோ எமிலியானோ என்ற வங்கி 1953-ம் ஆண்டிலிருந்து இந்தக் கடனைக் கொடுத்து வருகிறது. அதன் கிடங்குகளில் லட்சக்கணக்கான சீஸ் உருளைகள் கூரை உயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கின்றன.

அந்த சீஸின் பெயர் பார்மிஜானோ ரெஜ்ஜானோ. வட இத்தாலியில் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா மாவட்டங்களிலும், அருகிலுள்ள பொலோன்யா, மாந்துவா மாவட்டங்களின் ஒரு பகுதியிலும் மட்டுமே இதைத் தயாரிக்கலாம். பால், உப்பு, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள். இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. சுமார் 40 கிலோ உருளை ஒன்றுக்கு 550 லிட்டர் வரை பால் பிடிக்கிறது.

மாட்டுத் தீவனத்துக்கும் விதி உண்டு. ஊறுகாய்ப்புல் கொடுக்கவே கூடாது. அதிலிருந்து பாலுக்குள் வரும் ஒருவகை நுண்ணுயிர், பல மாதம் கழித்து சீஸுக்குள் வாயுவை உண்டாக்கி, உருளையை உப்பி வெடிக்கச் செய்துவிடும். அதனால் பசும்புல்லும் காய்ந்த புல்லும்தான் அங்கே முக்கியத் தீவனம்.

குறைந்தது 12 மாதம் முதிர்ந்த பிறகு பரிசோதகர் வந்து சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். உள்ளே பொந்து இருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். தேறிய உருளைக்குச் சூட்டு முத்திரை. தேறாததன் தோலில் இருக்கும் பெயரைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள்.

தீவனச் செலவும் ஆள் கூலியும் இன்றைக்கே கொடுத்தாக வேண்டும். சீஸ் பணமாவதோ ஒன்று, இரண்டு வருடம் கழித்து. இந்த இடைவெளியைத்தான் வங்கிக் கடன் அடைக்கிறது. இல்லாவிட்டால் இளம் சீஸை வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். கிடங்கில் இருக்கும் நாளில் சரக்கின் மதிப்பும் கூடுகிறது. நம் விளைபொருள் ஈட்டுக்கடனும் இதே யோசனைதான். ஆனால் மஞ்சள் இப்படி நாள்பட நாள்பட ருசி ஏறுவதில்லையே!

உற்பத்தியில் ஏறக்குறைய பாதி ஏற்றுமதியாகிறது. நம் புவிசார் குறியீடு போன்ற பாதுகாப்பு ஐரோப்பாவில் 1996-ல் கிடைத்தது. ‘பார்மேசன்’ என்று சுருக்கி எழுதினாலும் அது இந்த சீஸையே குறிவைக்கிறது என்று 2008-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவிலோ உள்ளூர் கம்பெனிகளே ‘பார்மேசன்’ என்று அச்சடித்து விற்கலாம். இத்தனைக்கும் இதற்கு மிகப்பெரிய வெளிநாட்டுச் சந்தை அமெரிக்காதான். விமானக் கம்பெனி மானியத் தகராறில் 2019 அக்டோபரில் அந்நாடு இந்த சீஸுக்கும் 25% கூடுதல் வரி போட்டது. விமானத்துக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்? 2021-ல்தான் அது நிறுத்தி வைக்கப்பட்டது.

1934-ல் தொடங்கிய தயாரிப்பாளர் கூட்டமைப்பு, விலை சரியாமல் இருக்க உற்பத்தி அளவையும் கட்டுப்படுத்துகிறது. ஒதுக்கீட்டைத் தாண்டினால் கூடுதல் கட்டணம். ஏற்கெனவே தொழிலில் இருப்பவருக்கு இது பாதுகாப்பு. புதிதாக மாடு வாங்கி வருகிறவருக்கு, கதவிலேயே ஒரு பூட்டு.