யு போட்டிருந்தால் போதுமா?

மாசித் தெப்பத்துக்குத் திருக்கோஷ்டியூர் வந்து கூடும் குடும்பங்களில், அப்பத்தாவிலிருந்து ஒண்ணாம் வகுப்புப் பேரன் வரை ஒரே டிவி முன்னால் உட்காருவார்கள். எந்தப் படம் போடலாம் என்று கேட்டால், "யு படமா பார்த்துப் போடுங்க" என்பதுதான் வழக்கமான பதில். அந்த எழுத்து எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்று தெரிந்துகொள்வது நல்லது.

1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி சென்சார் போர்டு தரும் சான்றிதழில் 'யு' எல்லோருக்கும், 'ஏ' 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். நடுவில் இருக்கும் 'யுஏ'வை 2023 திருத்தம் 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரித்தது. 'ஏ' படத்துக்குச் சிறுவர்களை உள்ளே விடக்கூடாது. 'யுஏ'வில் அப்படித் தடை இல்லை. அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர்கள் பெற்றோர்.

சான்றிதழ் பார்ப்பது ரத்தம், ஆபாசம், கெட்ட வார்த்தை, போதை போன்றவற்றை. ஒரு படம் எந்தக் குணத்தைப் பாராட்டுகிறது என்பதை அது மதிப்பெண் போட்டுச் சொல்லாது. வேண்டாம் என்று சொல்லும் பெண்ணைத் தெருத்தெருவாகத் துரத்துவதைக் காதல் என்று காட்டிய எத்தனையோ படங்களை நாம் 'குடும்பப் படம்' என்றே பார்த்திருக்கிறோம். குண்டாக இருப்பவரையும் கறுப்பாக இருப்பவரையும் கேலி செய்யும் நகைச்சுவைக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்திருக்கிறோம். ஒரு சண்டைக் காட்சியைவிட இவைதான் பிள்ளை மனதில் ஆழமாக இறங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

குடும்பப் படத்துக்கும் திருக்கோஷ்டியூர் இருக்கும் இந்தச் சீமைக்கும் பழைய உறவு உண்டு. ஏவி. மெய்யப்பச் செட்டியார் 'நாம் இருவர்' (1947) படத்தை எடுத்தது காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில். அவர் தொடங்கிய ஏவி.எம். நிறுவனம் 1986இல் இயக்குநர் விசுவை வைத்து எடுத்த 'சம்சாரம் அது மின்சாரம்', நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. பணத் தகராறில் வீட்டுக்கு நடுவே கோடு விழுகிறது. பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கும் மூத்த மருமகளே கடைசியில் தனிக்குடித்தனம் போகலாம் என்கிறாள். கூட்டுக்குடும்பமே உயர்ந்தது என்று தீர்ப்பு எழுதாமல், அன்பு கெடாமல் இருக்கக் கொஞ்சம் தள்ளி இருக்கலாம் என்று சொல்லும் நேர்மைதான் அந்தப் படத்தின் மதிப்பு.

அண்மைப் படங்களையும் இப்படி உரசிப் பார்க்கலாம். 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) படத்தில் இலங்கையிலிருந்து தப்பி வந்த குடும்பம், தாங்கள் யார் என்பதை மறைத்துச் சென்னையில் வாழ்கிறது. நல்ல மனிதர்கள், ஆனால் பொய் சொல்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை "பொய் சொல்லலாமா?" என்று கேட்டால் படத்தை நிறுத்திப் பேசுங்கள், அதற்கு இடம் கொடுக்கும் படம் அது. 'மகாராஜா' (2024) வேறு வகை. மகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைக்கு நியாயம் தேடும் தகப்பனின் கதை. சொல்ல வந்தது நியாயமானதுதான். ஆனாலும் சிறுபிள்ளைகள் பார்க்க வேண்டிய படம் இல்லை. நல்ல கருத்து இருப்பதும் எல்லா வயதுக்கும் பொருந்துவதும் ஒன்றல்ல.

ஓடிடிக்கு மட்டுமே எடுக்கும் படங்களுக்குச் சென்சார் சான்றிதழ் தேவையில்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்த ஓடிடி நிறுவனமே வயதைக் குறிக்கிறது. எதனால் அந்த வயது என்ற காரணத்தையும் காட்ட வேண்டும். வயது எண்ணோடு அந்தக் காரணத்தையும் படியுங்கள். 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான படங்களுக்குப் பூட்டு வசதி தர வேண்டும் என்பதும் விதி. ஓடிடி செயலியின் அமைப்புகளுக்குள் போய் ரகசிய எண் வைத்துவிட்டு, அதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் இருங்கள்.