இடுப்பை நீவலாம், வயிற்றை விட்டுவிடுங்கள்

குமுளியில் எல்லையைத் தாண்டித் தேக்கடி சாலையில் நடந்தால், ஏலக்காய்க் கடைகளுக்குச் சமமாக ஆயுர்வேத உழிச்சில் நிலையங்களின் பலகைகள் கண்ணில் படுகின்றன. பலகைப் படங்களில் கண்மூடிப் படுத்திருப்பவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள். அதே மலையில் ஏலத்தோட்டத்திலும் தேயிலைச் சரிவிலும் ஏழு மாத வயிற்றோடு நிற்கும் பெண்ணுக்கும் அந்தப் பலகைகளுக்கும் சம்பந்தமில்லை. ராத்திரி இடுப்பு வலித்தால் மாமியாரோ அக்காளோ எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிடுவார்கள். அவளுக்குக் கிடைக்கும் மஸாஜ் அதுதான்.

இந்தத் தேய்ப்பு கர்ப்பிணிக்கு நல்லதா? நல்லதுதான். ஆனால் எங்கே, எவ்வளவு, எப்போது கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். இடுக்கியின் தோட்டங்களிலும் பாலக்காட்டு எல்லை ஊர்களிலும் அந்தத் தெளிவுக்கு மற்ற இடங்களைவிட மதிப்பு அதிகம். காரணம், பெரிய ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கிறது.

தமிழில் இதற்கு ஒரே சொல் கிடையாது. நீவுகிறோம், உருவுகிறோம், பிடித்துவிடுகிறோம், அமுக்குகிறோம். சித்த மருத்துவம் தொக்கணம் என்கிறது. எல்லைக்கு அப்பால் உழிச்சில், திருமல். கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் உடம்பை உழியும் களரி முறைக்குச் சவிட்டி உழிச்சில் என்று பெயர். மொழிபெயர்க்கும்போது இவை எல்லாவற்றையும் ‘மஸாஜ்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அதில் தொலைந்துபோவது அழுத்தத்தின் அளவு. கர்ப்பிணிக்குப் பொருந்துவது நீவுதலும் மெதுவாகப் பிடித்துவிடுதலும்தான். மிதிப்பதும் உருவி எடுப்பதும் அவளுக்கானவை அல்ல.

கேரளத்தின் புகழ்பெற்ற எண்ணெய்ச் சடங்கு உண்மையில் பிரசவத்துக்குப் பிந்தையது. குழந்தை பிறந்த பிறகு 28 அல்லது 40 நாள் எண்ணெய் தேய்த்து, இலைகள் கொதித்த வெந்நீரில் வேதுக்குளி குளிப்பாட்டுவார்கள். இதற்கென்றே வீட்டுக்கு வரும் பெண்கள் உண்டு. அவர்கள் கையில் அதிகம் இருப்பது தான்வந்தரம் தைலம் அல்லது குழம்பு. மலையாளிகள் குறுந்தோட்டி என்று சொல்லும் செடியின் வேரையும் பாலையும் நல்லெண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சுவது. குறுந்தோட்டிக்கே வாதமா என்று மலையாளத்தில் கேலியாகக் கேட்பார்கள். அந்த வேருக்கு அவ்வளவு பெயர். 1902-ல் பி.எஸ். வாரியர் கோட்டக்கல்லில் ஆர்ய வைத்திய சாலையைத் தொடங்கினார். 1943-ல் கோயமுத்தூரில் பி.வி. ராம வாரியரின் ஆர்ய வைத்திய பார்மஸி வந்தது. பாலக்காட்டுத் தைலம் தமிழ் வீடுகளுக்குப் பழக்கமானதில் இந்த நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கர்ப்ப காலத்து மஸாஜுக்கு வருவோம். வயிறு முன்னால் தள்ளத் தள்ள இடுப்பெலும்பு முன்புறம் சாய்கிறது. கீழ் முதுகின் வளைவு கூடுகிறது. ஹார்மோன்கள் மூட்டுகளை இணைக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. அத்தனை பாரமும் முதுகுத் தசைகள் மேல் விழுகிறது. சரிவில் நின்று கொழுந்து கிள்ளி மூட்டையையும் சுமப்பவளுக்கு இது இரட்டைப் பாரம். 2015 செப்டம்பரில் மூணாறில் ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தது போனஸுக்காகவும் கூலிக்காகவும் என்றாலும், அந்த வேலை உடம்பை என்ன செய்கிறது என்பதும் அப்போது வெளியே பேசப்பட்டது.

அமெரிக்காவில் மயாமி பல்கலைக்கழகத்தின் தொடுகை ஆராய்ச்சி நிலையத்தை 1992-ல் தொடங்கிய உளவியலாளர் டிஃபனி ஃபீல்ட், 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 26 கர்ப்பிணிகளில் ஒரு பிரிவினருக்கு 5 வாரம், வாரத்துக்கு இரு முறை, 20 நிமிட மஸாஜ். மற்றவர்களுக்குத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி. கால் வலி இரு பிரிவிலும் தணிந்தது. 5 வார முடிவில் பதற்றமும் முதுகுவலியும் குறைந்து, தூக்கம் மேம்பட்டதாகச் சொன்னவர்கள் மஸாஜ் பெற்றவர்கள்தான். 26 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதை வைத்துக் குறைப்பிரசவம் தடுக்கப்படும், குழந்தை புத்திசாலியாகும் என்று விளம்பரம் செய்வது வியாபாரம். வலி, தூக்கம், பயம் ஆகிய மூன்றிலும் கை உதவுகிறது என்று சொல்லலாம். ராத்திரியெல்லாம் புரண்டு படுப்பவளைக் கேட்டால் இந்த மூன்றே பெரிது.

செய்யும் முறை எளிது. கர்ப்பிணி இடது பக்கமாகப் படுக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த புடவை. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றலும் படபடப்பும் வரும். எண்ணெய் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும். முதுகெலும்பை விட்டுவிட்டு அதன் இரு பக்கமும் உள்ளங்கையால் நீவலாம். தோள், கழுத்து, பாதம் ஆகிய இடங்களில் கொஞ்சம் பிடித்துவிடலாம். கெண்டைக்காலில் பிசையவே கூடாது. பாதத்திலிருந்து மேல்நோக்கி லேசாகத் தடவினால் போதும். 20 நிமிடத்துக்கு மேல் தேவையில்லை. பலரும் மறக்கும் ஒன்று, எண்ணெய்க் காலோடு குளியலறைக்குப் போவது. எட்டு மாத வயிற்றோடு சிமென்ட் தரையில் வழுக்கி விழுவதைவிட முதுகுவலியே மேல். பாதத்தைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கவிட வேண்டும்.

முதல் மூன்று மாதம் வேண்டாம் என்பது பல மஸாஜ்காரர்களின் கொள்கை. லேசாக நீவுவதால் கரு கலையும் என்பதற்கு ஆதாரமில்லை. ஆனால் கருச்சிதைவு அதிகம் நிகழும் காலம் அதுவே. பழி தேய்த்த கையின் மேல் விழும்.

கவனிக்க வேண்டிய இடம் கால் வீக்கம். சாயங்காலம் இரண்டு காலும் சற்று வீங்கிக் காலையில் வடிந்தால் பெரும்பாலும் கர்ப்பத்தின் இயல்பு. ஒரே கால் மட்டும் வீங்கி, சுட்டு, வலித்தால் அந்தக் காலில் எண்ணெயோ கையோ படக்கூடாது. கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. காலில் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. முகமும் கையும் உப்பி, தலை இடித்து, கண் மங்கினால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். 140/90-ஐத் தொட்டாலே டாக்டர் பார்க்க வேண்டும். இதைத் தோட்டத்து அலுப்பு என்று நினைத்து இரண்டு ராத்திரி தைலம் தேய்த்துக் காத்திருப்பது மலையில் மிக மோசமான தாமதம். கேரளத்தின் முதல் பழங்குடி கிராமப் பஞ்சாயத்தாக 2010-ல் உருவான இடமலக்குடியிலிருந்து நோயாளிகளைத் துணித் தொட்டிலில் கட்டிக் காட்டு வழியே சுமந்து வந்தது பலமுறை செய்தியாகியிருக்கிறது. அத்தகைய ஊரில் ஒரு நாள் என்பது நீண்ட நேரம்.

அலுப்புக்கு வேறு காரணமும் இருக்கலாம். கோயமுத்தூர் மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அட்டப்பாடியில் 2013-ல் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, தாய்மார்களின் ஊட்டக்குறைவும் ரத்தசோகையும் வெளியே வந்தன. ரத்தசோகையால் ஓயும் உடம்பை எந்தத் தைலமும் தேற்றாது. அவளுக்கு வேண்டியது சாப்பாடும் இரும்புச்சத்து மாத்திரையும் பரிசோதனையும். கேரளத்தில் 2018-20 கணக்குப்படி லட்சம் பிறப்புக்கு 19 தாய்மார்களே இறந்தார்கள். அப்போது நாட்டின் சராசரி 97. அந்த வித்தியாசத்தைத் தந்தவை ஆஸ்பத்திரியும் நர்ஸும் பெண் கல்வியும்.

வயிற்றைப் பற்றிப் பேச்சே வேண்டாம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, திருப்பிவிடுகிறேன் என்று கை வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நஞ்சு பிரிந்து ரத்தம் கொட்டலாம். வெளியிலிருந்து குழந்தையைத் திருப்பும் முறை மருத்துவத்தில் உண்டு. அதை ஸ்கேனும் ஆபரேஷன் தியேட்டரும் பக்கத்தில் இருக்கும்போது டாக்டர் செய்வார்.

ஒன்பதாம் மாதத்துக்குச் சரக சம்ஹிதை ஒரு வழி சொல்கிறது. எண்ணெயில் நனைத்த பஞ்சைப் பிறப்புறுப்பில் வைத்து வழியை இளக்குவது. இன்று அதே இடத்துக்கு வேறு பாதையில் வந்திருக்கிறார்கள். சுமார் 2,500 பெண்கள் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை 2013-ல் வந்தது. 34, 35-வது வாரத்திலிருந்து பிறப்புறுப்பின் வாயைக் கர்ப்பிணியோ கணவரோ எண்ணெய் தொட்டு மெதுவாக நீவி வந்தால், முதல் பிரசவத்தில் கத்தரித்துத் தையல் போட வேண்டிய நிலை குறைகிறது என்றது. நஞ்சு கீழே இருந்தாலோ, தொற்றோ ரத்தப்போக்கோ இருந்தாலோ கூடாது. டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுவார்கள். கூசாமல் கேட்க வேண்டிய விஷயம்.

பிரசவ வலியின்போதும் கைக்கு வேலை உண்டு. விரும்பும் பெண்களுக்கு வலி குறைக்க மஸாஜும் வெந்நீர் ஒத்தடமும் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது. அதே அறிக்கை, குழந்தையை வெளியே தள்ள வயிற்றை மேலிருந்து அமுக்குவது கூடாது என்றும் சொன்னது. வலி வரும்போது இடுப்பின் அடிப்பகுதியில், வால் எலும்புக்குச் சற்று மேலே, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் பலருக்குத் தணிகிறது. அதற்குப் பிரசவ அறைக்குள் அவளுக்குத் தெரிந்த ஒரு பெண் வேண்டும். 2017 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய ‘லக்ஷ்யா’ திட்டம் பிரசவத் துணையை அனுமதிக்கச் சொல்கிறது. வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, உள்ளே யார் வரலாம் என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.