மருந்துக் குறிப்பேட்டுக்கு ஒரு துணி உறை

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் போன்ற நாட்பட்ட நோய்களுக்குச் சிகிச்சை பெறுவோர் தம்முடன் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்க வேண்டுமென நாங்கள் வலியுறுத்துகிறோம். பலரும் வாங்குகின்றனர். ஆனால் சில மாதங்களில் அட்டை கிழிகிறது. பால் கணக்கும் மளிகைக் கணக்கும் அதில் ஏறுகின்றன. பிறகு அது காணாமற்போகிறது. வீட்டிலுள்ள பல நோட்டுகளுள் அதுவும் ஒன்றாக இருப்பதே காரணம். அதைத் தனித்துக் காட்ட எளிய வழி ஒன்று உண்டு: கையால் தைத்து அழகுபடுத்திய ஒரு துணி உறை.

குறிப்பேடு உயிர் காப்பது எப்போது?

பக்கவாதம் ஏற்பட்டவரை அழைத்து வந்ததும் நாங்கள் கேட்கும் முதற் கேள்விகள் இரண்டு: கடைசியாக எப்போது நலமாக இருந்தார்? இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்கிறாரா? இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். வார்ஃபரின் போன்ற மருந்து உட்கொள்பவருக்கு அவ்வூசி ஆபத்தாகலாம். இரண்டாம் கேள்விக்கு உடன் வந்தவரால் விடை கூற இயலாவிடில், பரிசோதனையிலேயே பொன்னான நிமிடங்கள் கழிகின்றன.

சர்க்கரை தாழ்ந்து மயங்கியவர் நிலையும் இத்தகையதே. குளுக்கோஸ் ஏற்றியதும் அவர் எழுந்து பேசுவார். உறவினரும் வீடு திரும்ப விரும்புவர். ஆயினும் அவர் உட்கொண்டது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையாக இருந்தால், சில மணி நேரத்தில் சர்க்கரை மீண்டும் தாழக்கூடும். அவரை அனுமதித்துக் கண்காணிக்க வேண்டும். பெயர் கிழிந்த மாத்திரை அட்டை இதை எங்களுக்குச் சொல்லாது, குறிப்பேடு சொல்லும்.

எந்தத் துணி ஏற்றது?

திருப்பூர் பனியன் துணி இழுபடும்; வெட்டிய ஓரம் சுருளும். ஆகவே உறைக்கு அது பொருந்தாது. தறியில் நெய்த பருத்தித் துணியே நல்லது. நெகமம் சேலையின் பழைய முந்தானையோ, சென்னிமலைப் படுக்கை விரிப்பில் மிஞ்சிய துண்டோ போதும். திருமண வீட்டில் தந்த மஞ்சள் தாம்பூலப் பையும் மிகப் பொருத்தமானது. அது தடிமனான துணி. அதன் நிறமோ பதற்றத்திலும் கண்ணில் படும். எத்துணியாயினும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்து உலர்த்துங்கள். இல்லையேல், பின்னர் துவைக்கும்போது உறை சுருங்கி நோட்டு நுழையாது.

தைக்கும் முறை

மூடிய நிலையில் 15 செ.மீ. உயரமும் 10 செ.மீ. அகலமும் 1 செ.மீ. தடிமனும் உள்ள நோட்டுக்கான அளவு இது.

1. 36 செ.மீ. நீளமும் 18 செ.மீ. அகலமும் உள்ள துண்டை வெட்டுங்கள்.

2. நான்கு ஓரங்களையும் 1 செ.மீ. உட்புறம் மடித்துத் தையுங்கள். துணி இப்போது 34க்கு 16 செ.மீ. ஆகும்.

3. அலங்கார வேலையை இக்கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். துணியின் நல்ல பக்கம் மேலே தெரியுமாறு விரித்தால், வலப் பாதியே முன்னட்டை.

4. துணியைத் திருப்பி, நோட்டை நடுவில் வைத்து, இரு முனைகளையும் சுமார் 6 செ.மீ. உள்ளே மடித்து அட்டைகளைச் செருகுங்கள். நோட்டை மூடிய நிலையில் மடிப்பைச் சரிபார்த்துக் குண்டூசியால் அடையாளமிடுங்கள். திறந்த நிலையில் அளந்தால் உறை இறுகி, நோட்டு மூடாது.

5. நோட்டை எடுத்துவிட்டு, மடிப்புகளின் மேல், கீழ் ஓரங்களை நெருக்கமாகச் சுற்றித் தையுங்கள். பேனா செருக ஒரு நாடா வளையமும், மூடி வைக்க ஒரு பொத்தானும் சேர்க்கலாம்.

அலங்காரம் அவரவர் விருப்பம். சேலைக் கரையை ஒட்டாகத் தைக்கலாம். சங்கிலித் தையலில் ஒரு பூவோ நோயாளியின் பெயரோ இடலாம். பசையால் ஒட்டும் மணியும் கண்ணாடியும் வேண்டாம். மருத்துவமனைக்கு வந்துபோகும் பொருள் அடிக்கடி சோப்பிட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

கைவேலையும் கவனமும்

கைவேலையைச் சிகிச்சையின் பகுதியாக்கிய தொழில்வழிச் சிகிச்சைக்கென, 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் ஒரு பள்ளியைத் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். ஊசி பிடிப்பதும் நூல் இழுப்பதும் விரல்களுக்குப் பயிற்சி. நீண்ட நாள் படுத்திருப்பவருக்கு மனத்தளவில் ஒரு பற்றுக்கோடு. எனினும் நீரிழிவால் விரல் மரத்துப்போனவர்கள், ஊசி குத்தியதை உணரமாட்டார்கள். அவர்கள் விரலுக்கு உலோக உறை அணிந்து, வேலை முடிந்ததும் விரல்களை உற்றுப் பார்க்க வேண்டும். பார்வை குன்றியவர்களும் கை நடுங்குபவர்களும் துணியையும் நிறத்தையும் தேர்ந்தெடுத்துத் தந்து, தைப்பதைப் பேரப்பிள்ளைகளிடம் விடலாம். சேர்ந்து தைத்த வீட்டில், அந்நோட்டு எதற்கென்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

முதற் பக்கத்தில் எழுத வேண்டியவை

பெயர், வயது, அவசரத்தில் அழைக்க வேண்டிய இருவரின் தொலைபேசி எண்கள், நோய்களின் பெயர்கள், ஒவ்வொரு மருந்தின் பெயர், அளவு, வேளை, ஒவ்வாத மருந்துகள். இரத்தம் உறையாமைக்கான மருந்தையும் இன்சுலினையும் சிவப்பு மையில் எழுதுங்கள். மருத்துவர் ஒரு மருந்தை நிறுத்தினால் அன்றே அதை அடித்துவிட்டுத் தேதியிடுங்கள். பழைய பட்டியல், பட்டியல் இல்லாமையைவிடத் தீங்கானது. அடுத்த பக்கங்களில் சர்க்கரை, இரத்த அழுத்த அளவுகளை நேரத்துடன் குறியுங்கள்.

உறையிட்ட குறிப்பேட்டைப் பூட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். மருந்துப் பெட்டிக்கு அருகில், வீட்டார் அனைவரும் அறிந்த இடத்தில் அது இருக்கட்டும். 108 ஊர்தியில் ஏறும்போது நோயாளியுடன் அதுவும் வர வேண்டும்.