செவிலியர் கல்வியும் செவிலியர் வாழ்வும்

செவிலி என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. பழைய அகப்பாட்டுக்களில் தலைவியை வளர்த்தெடுத்தவள் செவிலித்தாய் எனப்பட்டாள். ஈன்றவள் அல்லளாயினும் ஈன்றவளுக்கு ஒப்பான பொறுப்பு அவளுக்கு இருந்தது. இக்காலத்தில் அச்சொல் நோயாளரைப் பேணுந் தொழிலுக்கு உரியதாயிற்று. அத்தொழிலுக்கு நம் பிள்ளைகளை அனுப்பும் நாம் அதனை உள்ளவாறு அறிந்து அனுப்புகின்றோமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

தருமபுரி ஜில்லாவில், அரூரிலோ பென்னாகரத்திலோ, பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பெண்ணொருத்தி ‘நர்ஸ் படிப்பேன்’ என்று கூறினால், வீட்டார் கேட்பன மூன்று: ஆண்டு எத்தனை? செலவு எவ்வளவு? வேலை எங்கே? இவை வேண்டிய கேள்விகளே. எனினும் இவற்றினும் முந்திய வினாக்கள் இரண்டு உள. அப்படிப்பினால் அரசாங்கப் பதிவேட்டில் அவள் பெயர் ஏறுமா என்பது ஒன்று. அவள் பணி செய்யப் புகும் இடம் அவளுக்கு மேலும் கற்பிக்குமா, அன்றி அவள் வாயை அடைக்குமா என்பது மற்றொன்று.

முதல் வினாவைக் காண்போம். ஒழுங்கான பயிற்சியினாலேயே செவிலியர் உருவாதல் வேண்டும் என்னும் கொள்கையை 1860இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் லண்டன் பரிசுத்த தோமா வைத்தியசாலையில் பள்ளி தொடங்கி நிலைநாட்டினார். நம் நாட்டில் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய வைத்தியசாலையில் 1909இல் செவிலியர் பள்ளி எழுந்தது. 1946இல் அதுவே பட்டம் அளிக்குங் கல்லூரியாய் உயர்ந்தது. இதற்கிடையே 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பிறந்தது. அதன்படி தக்க பயிற்சி பெற்றோர் பெயர்கள் ஏட்டில் பதியப்பெற்றன. 1947இல் இந்தியச் செவிலியர் கவுன்சில் சட்டமும், 2023இல் தேசியச் செவிலியர் ஆணையச் சட்டமும் இயற்றப்பட்டன.

இன்று அப்பதிவேட்டிற்குச் செல்லும் வழிகள் மூன்று. துணைச் செவிலியர், மருத்துவச்சிப் படிப்பு இரண்டாண்டு. இது பெண்களுக்கே உரியது. கிராமத்துக் கருப்பிணிகளையும் குழந்தைகளையும் பேணும் பணிக்கு இது வழி. சமவெளியில் ஏறக்குறைய 5,000 பேருக்கும், மலைப்பாங்கில் 3,000 பேருக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது அரசாங்க அளவு. இரண்டாவது, மூன்றாண்டு டிப்ளமாப் படிப்பு. மூன்றாவது, பௌதிகம், இரசாயனம், உயிரியல் கற்றோர் சேரும் நான்காண்டு பி.எஸ்ஸி. பட்டப்படிப்பு. டிப்ளமா முடித்தோர் பின்னர் ஈராண்டு கற்றுப் பட்டம் பெறலாம். பட்டத்தின்மேல் ஈராண்டில் எம்.எஸ்ஸி. உண்டு. ஆதலின் பொருள் முட்டினால் சிறிய வழியிற் புகுந்தவரும் பின்னர் உயரக் கூடும்.

ஆனால் ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் ‘நர்சிங்’ என்று பெயரிட்டுச் சான்றிதழ் தரும் வகுப்புக்கள் பல ஊர்களில் நடைபெறுகின்றன. அவற்றுட் சில உதவியாளர் வேலைக்குப் பயன்படலாம். அவற்றால் பதிவேட்டில் பெயர் ஏறாது. அரசாங்கச் செவிலியர் பதவியும் கிட்டாது. வெள்ளுடை ஒன்றாயிருத்தலால் படிப்பும் ஒன்றே என மயங்கி, நிலத்தை ஈடு வைத்துப் பணங்கட்டும் பெற்றோர் பின்னர் வருந்துவர். சேருமுன் அப்பள்ளி அங்கீகாரம் பெற்றதா என்பதைக் கவுன்சிலின் பட்டியலிற் பார்த்தறிதல் கடன்.

இனி இரண்டாம் வினா. மருந்து கொடுக்குமுன் செவிலி ஐந்தினைச் சரிபார்க்கக் கற்கின்றாள்: உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம். பாடத்தில் இஃது எளிது. நள்ளிரவில், முதுநிலைச் செவிலியோ மருத்துவரோ எழுதிய அளவு தவறெனத் தோன்றும்போது, ‘ஐயா, இதனை ஒருமுறை பாருங்கள்’ என்று கூறுதல் எளிதன்று. முந்திய நாள் ஒரு வினாவிற்கு வசையே விடையாகப் பெற்றவள் இன்று வாய் திறவாள். அம்மௌனத்தின் விலையை நோயாளியே கொடுப்பான். இளையோரை அதட்டி வளர்த்தலே ஒழுக்கம் என்று எண்ணும் வழக்கம் இத்தொழிலில் நெடுங்காலமாய் உண்டு. ‘நாங்களும் அப்படியே கற்றோம்’ என்பது அதற்குக் கூறும் நியாயம்.

இதற்கு மாறான உதாரணம் நம் ஜில்லாவிலேயே உண்டு. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்டிலிங்கி என்னும் பள்ளத்தாக்கு இருக்கின்றது. மலையாளி என்னும் பழங்குடியினர் அங்கு மிகுதி. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதிகள் அங்குச் சென்று ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினர். அக்காலத்தில் அங்குப் பிறந்த ஆயிரங் குழந்தைகளுள் ஏறக்குறைய 150 ஓராண்டு நிரம்புமுன் மாண்டன. வெளியூர்ச் செவிலியர் அங்கு வந்து தங்குதல் அரிது. எனவே அவ்வூர்ப் பெண்களையே தெரிந்து, பிரசவம் பார்க்கவும் அறுவைச் சிகிச்சையில் உதவவும் பயிற்றினர். ஊரார் தேர்ந்த மூத்த பெண்கள் வீடுதோறுஞ் சென்று சுகாதாரம் போதித்தனர். குழந்தை இறப்பு பிற்காலத்தில் ஆயிரத்துக்கு இருபது என்னும் அளவிற்குத் தாழ்ந்தது.

அப்பயிற்சி அவ்விடத்துத் தேவைக்கென அமைந்தது. பதிவேட்டிற்குரிய படிப்பிற்கு அது ஈடாகாது. எனினும் அது காட்டும் உண்மை பெரிது. அதிகம் படியாதவர் என்று பிறர் ஒதுக்கிய பெண்கள், நம்பிக்கையோடு கற்பிக்கப்பெற்றபோது உயிர் காப்பவர் ஆயினர். பட்டம் பெற்ற நம் செவிலியர்க்கு அந்நம்பிக்கையை மறுத்தல் எங்ஙனம் தகும்?

நம்பிக்கையோடு ஊதியமும் வேண்டும். தமிழ்நாட்டில் 2015இல் தேர்வு பெற்று மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அரசாங்கப் பணியேற்ற செவிலியர், நிரந்தரம் வேண்டி 2017 நவம்பரில் சென்னையிற் கிளர்ச்சி செய்தனர். தனியார் வைத்தியசாலைகளில், ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடத்தும் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என 2016இல் மத்திய அரசாங்கக் குழு பரிந்துரைத்தது. பொது வைத்தியசாலை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலி என்பது கவுன்சில் வகுத்த அளவு. ஐவரைப் பார்க்க வேண்டியவள் முப்பதின்மரைப் பார்க்குமிடத்துப் பொறுமை குன்றுதல் இயல்பு. அச்சினம் முதலில் தன்னினும் இளையவள்மேல் பாயும்.

ஆதலின் இத்தொழில் நாடும் மாணவ மாணவியர்க்கு நாம் கூறுவது இது. சேருமுன் பதிவேட்டைக் கேளுங்கள். பள்ளியைப் பார்க்கப் போகும்போது அங்குக் கற்கும் மூத்த மாணவியைத் தனியே கண்டு, ‘அக்கா, தெரியாததைக் கேட்டால் சொல்லித் தருகின்றனரா?’ என்று வினவுங்கள். இக்கல்லூரியினின்று சென்று இன்று வார்டுகளில் மேலாளராய் விளங்கும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். நாளை இரவு ஓர் இளஞ்செவிலி நடுங்கும் குரலில் உங்களிடம் ஐயங் கேட்டால், நின்று விடை கூறுங்கள். செவிலித்தாய் என்னும் பெயர் அவளுக்கு மட்டுமன்று, அவளை வளர்க்கும் உங்களுக்கும் உரியது.