விடுமுறை இல்லாத பள்ளிக்கூடம்

பரீட்சை முடிந்தது, பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போயாயிற்று. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் விடுமுறை இல்லை! மே மாதத்து வெயிலில் அங்கே ஒரு நடை எட்டிப் பார்ப்போமா?

மொட்டை மாடியில் வேப்பஞ் சருகு அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாயைக் குத்திவிடுகிறார் ஒருவர். கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றை வேரோடு களைகிறார் இன்னொருவர். "ஐயோ, பச்சைக் கன்று!" என்று பரிதாபப்படத் தோன்றும். ஆனால் அந்தப் பிஞ்சு வேர் பருத்தால் சுவர் பிளக்கும். பிளவில் ஐப்பசி மழை இறங்கும். கீழே குடிதண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். பாம்பு அண்டாமலிருக்க மைதானத்துப் புதரை வெட்டுகிறார்கள்.

இதெல்லாம் வீண் செலவா? 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில், சமையற் கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் மாண்டார்கள். பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்ற உத்தரவு பிறந்தது. 2021 டிசம்பரில் நெல்லைப் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் பலியானார்கள்.

தாய்மார்களே, ஜூனில் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போகும்போது வாசலில் நின்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். சுவரில் பச்சை இலை தெரிந்தால், தலைமை ஆசிரியரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்!