வால் முளைத்த வார்த்தைகள்

ஆங்கிலத்தில் பத்து எழுத்து, பன்னிரண்டு எழுத்து என்று நீளமாக ஒரு வார்த்தையைக் கண்டால் நமக்குப் பயமாக இருக்கிறது. உடனே அகராதியைப் புரட்டுகிறோம், அர்த்தம் தெரிந்துவிடுகிறது. ஆபத்து அங்கே இல்லை. 'புட்', 'கால்', 'கிவ்', 'லுக்' என்று மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரிந்த சின்ன வார்த்தைகள் இருக்கின்றனவே, அவைதாம் ஆளை ஏமாற்றுகிறவை! பக்கத்தில் 'ஆஃப்', 'அப்', 'டவுன்' என்று ஒரு குட்டி வாலை ஒட்டிக்கொண்டால் போதும், பழைய அர்த்தம் பறந்துவிடும். 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் 'மேலே கொடு' என்றா அர்த்தம்? இல்லை, 'கைவிடு' என்று அர்த்தம்.

இலக்கணக்காரர்கள் இதை 'ஃப்ரேஸல் வெர்ப்' என்பார்கள். நாம் செல்லமாக 'வால் வினை' என்று பெயர் வைத்துக்கொள்வோமே! பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கையிலும், வேலைக்கு மனுப்போட்ட பெண்ணுக்கு வரும் பதிலிலும், காரியாலயக் கடிதத்திலும் இந்த வால் வினை செயப்பாட்டு வினையாக வேஷம் மாற்றிக்கொண்டு வருவது வழக்கம். வேஷத்துக்குள் இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்வது நல்லது அல்லவா?

புயல் நடத்திய பாடம்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததும் போய்விடாமல் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை! போதாக்குறைக்குச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் அதிகமான நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. டிசம்பர் 2-ஆம் தேதி, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ரயில்கள் நின்றன. அரசூர்ப் பக்கம் திருச்சி நெடுஞ்சாலையையும் தண்ணீர் மூடிக்கொண்டது.

இத்தனை சங்கடத்தையும் ஆங்கிலத்தில் சொல்ல நாலைந்து வால் வினைகள் போதும். ரயில்கள் வழியில் நிறுத்தி வைக்கப்பட்டன: 'வேர் ஹெல்டு அப்'. கிராமங்கள் துண்டிக்கப்பட்டன: 'வேர் கட் ஆஃப்'. சாலை அடித்துச் செல்லப்பட்டது என்றால் 'வாஸ் வாஷ்டு அவே'. வீடிழந்தவர்கள் முகாம்களில் தங்க வைக்கப்பட்டார்கள்: 'வேர் புட் அப்'. வெள்ளம் புகுந்த பகுதிப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு 2025 ஜனவரிக்குத் தள்ளி வைக்கப்பட்டது: 'வாஸ் புட் ஆஃப்'.

இந்தக் கடைசி இரண்டையும் கவனியுங்கள். 'புட்' ஒன்றுதான். வால் 'அப்' ஆனால் தங்க வைத்தல். 'ஆஃப்' ஆனால் தள்ளி வைத்தல். 'அவுட்' ஆனாலோ நெருப்பை அணைத்தல்! வாலைப் பார்க்காமல் தலையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தள்ளி வைத்ததா, கைவிட்டதா?

'புட் ஆஃப்' என்பதையும் 'கால்டு ஆஃப்' என்பதையும் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். இரண்டிலும் வால் ஒன்றுதான். ஆனால் முன்னது, காரியம் பிறகு உண்டு என்கிறது; பின்னது, காரியமே இல்லை என்கிறது. நேர்முகத் தேர்வு 'புட் ஆஃப்' என்று கடிதம் வந்தால், உங்கள் பெண் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதுத் தேதி வரும். 'கால்டு ஆஃப்' என்று வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு வேறு இடத்துக்கு மனுப் போடலாம். கல்யாணப் பேச்சிலே இந்த இரண்டும் மாறிப்போனால் கேட்கவே வேண்டாம்! முகூர்த்தம் தள்ளிப் போயிருக்கிறது என்று சம்பந்தி வீட்டார் எழுதியதை, சம்பந்தமே முறிந்துவிட்டது என்று படித்துவிட்டால் வீட்டில் என்ன ரகளை நடக்கும்?

தமிழில் வால் எங்கே?

நமக்கு இதெல்லாம் புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. 'தள்ளி வை', 'அடித்துச் செல்', 'கைவிடு' என்று நாமும் இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துப் புது அர்த்தம் பண்ணுகிறவர்கள்தாம். வித்தியாசம் ஒன்றே ஒன்று. செயப்பாட்டு வினையாக்கும்போது நாம் முன்வார்த்தையைத் தொடுவதில்லை. 'தள்ளி' அப்படியே இருக்கிறது. பின்னால் உள்ள 'வை' மட்டும் 'வைக்கப்பட்டது' ஆகிறது. ஆங்கிலத்தில் நேர் எதிர். முன்வார்த்தைதான் மாறும், வால் அசையாது. 'கால்' என்பது 'கால்டு' ஆகும். 'ஆஃப்' ஆஃபாகவே நிற்கும்.

நம் குழந்தைகள் 'வாஸ் கால் ஆஃப்டு' என்று எழுதிவிடுவதன் ரகசியம் இதுதான். தமிழ்ப் பழக்கத்தில் கடைசி வார்த்தைக்கு விகுதி போட்டுவிடுகிறார்கள். அதற்காகத் திட்ட வேண்டாம். 'தலையை மாற்று, வாலை விட்டுவிடு' என்று சொல்லிக் கொடுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

வாலை நறுக்கிவிடுவது இன்னொரு தவறு. 'குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொண்டாள்' என்பதைத் திருப்பினால், 'தி சைல்டு வாஸ் லுக்டு ஆஃப்டர் பை ஹர் கிராண்ட்மதர்' என்று வரும். 'ஆஃப்டர்', 'பை' என்று இரண்டு குட்டி வார்த்தைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும், ஏதோ பிசகு என்று நினைத்து ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது. 'ஆஃப்டர்' வினையின் வால். 'பை' பாட்டிக்குச் சொந்தம். 'எல்லாரும் அவளைக் கேலி செய்தார்கள்' என்பதற்கும் அப்படியே 'லாஃப்டு அட் பை' என்று இரண்டும் வேண்டும்.

வேஷம் போடாதவை

எல்லா வால் வினைகளும் இப்படி வேஷம் மாற்றிக்கொள்ளுமா? மாட்டா. அதற்கு ஒரு சுலபமான பரீட்சை உண்டு. 'எதை?' அல்லது 'யாரை?' என்று கேட்டுப் பாருங்கள். எதைத் தள்ளி வைத்தார்கள்? தேர்வை. பதில் கிடைத்தது, ஆகவே மாற்றலாம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பஸ் நடுவழியில் பழுதாகி நின்றுவிட்டது: 'ப்ரோக் டவுன்'. எதை நின்றது? பதில் இல்லை. ஆகவே 'வாஸ் ப்ரோக்கன் டவுன்' என்று எழுதக் கூடாது. பஸ் தானாகவே நின்றுகொண்டது.

'பாஸ்டு அவுட்' என்பதும் இந்த ஜாதிதான். கல்லூரிப் படிப்பை முடித்ததை நம் நாட்டில் இப்படிச் சொல்கிறோம். நமக்குள் பேசிக்கொள்ளும்போது பாதகமில்லை. வெளிநாட்டுக்கு மனு எழுதும்போது மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை! அங்கே சாதாரணமாக அதற்கு 'மயக்கம் போட்டு விழுந்தார்' என்று அர்த்தம். அதிலும் 'ஐ வாஸ் பாஸ்டு அவுட்' என்று எழுதினால் மயக்கத்தோடு இலக்கணப் பிழையும் சேர்ந்துவிடும்.

செய்தது யார்?

தென்னாற்காட்டிலிருந்து 1993-இல் விழுப்புரம் மாவட்டம் பிரிக்கப்பட்டது. இதை ஆங்கிலத்தில் 'வாஸ் கார்வ்டு அவுட்' என்பார்கள். 2019-இல் அந்த விழுப்புரத்திலிருந்தே கள்ளக்குறிச்சி அவ்விதம் பிரிந்தது. பிரித்தது யார் என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்; அரசாங்கம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்த ஆளைச் சொல்லாமல் விடுவது சௌகரியம்.

தெரிய வேண்டிய ஆளை மறைப்பதுதான் விஷமம். 'உங்கள் புகார் கவனிக்கப்பட்டு வருகிறது' என்று ஒரு கடிதம் வருகிறது. ஆங்கிலத்தில் 'இஸ் பீயிங் லுக்டு இன்டு'. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. யாரால் கவனிக்கப்படுகிறது? எப்போது முடியும்? அந்தக் கடிதத்தில் 'பை' என்ற வார்த்தையையே காணோம்! பதில் எழுதும்போது, 'கவனிக்கும் அதிகாரி யார்?' என்று தைரியமாக ஒரு வரி கேளுங்கள். அதற்கு இலக்கணமும் துணை, நியாயமும் துணை.

நம் முன்னோர்கள் இந்தச் சூட்சுமத்தை அறிந்தவர்கள். செய்யப்பட்ட பொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்கம்தான் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஒப்புக்கொள்கிறது. உரைகாரர்கள் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது எதை என்று நினைக்கிறீர்கள்? திண்ணை மெழுகியதையும் பாத்திரம் கழுவியதையும்! திண்ணை தானே மெழுகிக்கொள்ளுமா, பாத்திரம் தானே கழுவிக்கொள்ளுமா? குனிந்து மெழுகிய கை ஒன்று இருந்தது. வாக்கியத்தில்தான் அது இல்லை.

இன்றும் பாருங்கள். 'வீடு நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படுகிறது', 'குழந்தைகள் நன்றாக வளர்க்கப்பட்டிருக்கிறார்கள்' என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. 'வெல் லுக்டு ஆஃப்டர்', 'வெல் ப்ராட் அப்' என்று ஆங்கிலத்திலும் சொல்வார்கள். வாக்கியம் இலக்கண சுத்தம். வாலும் இடத்தில் இருக்கிறது. ஆனால் அதோடு முடித்துவிடலாமா? அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை இந்த வாக்கியத்தை எழுதும்போது, 'பை' என்று ஒரு வார்த்தையும், அதன் பின் 'மை மதர்' என்று இரண்டு வார்த்தைகளும் சேர்க்கச் சொல்லுங்கள். மார்க்கு கூடுகிறதோ இல்லையோ, உண்மை முழுமையாகும்.